மறதி நோய்க்குச் செடியிலிருந்து மருந்து: எதை, யாருக்கு, எப்போது?

வீட்டில் ஆச்சிக்கோ ஐயாவுக்கோ மறதி கூடுகிறது என்று தெரிந்ததும், காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர்ப் பக்கத்து வீடுகளில் சில பொருள்கள் தானாக வந்து சேர்ந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய கின்கோ பாட்டில், சென்னையிலிருந்து மகள் வாங்கிவந்த, மஞ்சளில் செய்த கேப்ஸ்யூல், உறவுக்காரர் சொல்லி நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வல்லாரைப் பொடி. இவற்றோடு மதுரையில் நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் இருக்கும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு என் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஏறத்தாழ ஒன்றுதான்: "இங்கிலீஷ் மருந்தை இப்பவே ஆரம்பிக்கணுமா? இயற்கையா ஏதாவது கொடுத்துப் பார்த்துட்டு அப்புறம் வரலாமா?"

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் பெரிய வீடுகளில் தங்கிவிட்ட நம் ஊர்களில் அந்தக் கணக்கின் பாரம் நன்றாகவே தெரிகிறது.

ஆனால் "இயற்கையா, இங்கிலீஷ் மருந்தா" என்று கோடு போடுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மருத்துவர் எழுதும் மாத்திரைகளில் ஒன்று நேராகப் பூச்செடியிலிருந்து வந்தது. இன்னொன்று ஓர் ஆப்பிரிக்க அவரையின் நஞ்சை மாற்றியமைத்துச் செய்தது. ஆகவே செடியா இல்லையா என்பதை விட்டுவிடுவோம். செடியிலிருந்து வந்தவற்றில் எது சோதனையில் தேறியது என்று பார்ப்போம்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், டிமென்ஷியா வந்த மனிதர்களிடம் சோதித்தார்களா என்பது. எலியிடம் பலித்ததும், கல்லூரி மாணவர்களின் ஞாபகசக்தி கூடியதும் வேறு விஷயம். இரண்டாவது, ஒரு வேளைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா. மூன்றாவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிரஷர், சுகர், இதய மாத்திரைகளோடு மோதுமா. எழுபது வயதுக்கு மேல் வெறும் வயிற்றோடும் வெறும் மாத்திரைப் பெட்டியோடும் யாரும் இருப்பதில்லை என்பதால் இதை நான் மிகவும் முக்கியமாகப் பார்க்கிறேன். நான்காவது, மாதம் தவறாமல் இங்கே கிடைக்குமா, கட்டுப்படியாகுமா. ஐந்தாவது, பலரும் யோசிக்காதது: இதைக் கொடுத்துப் பார்க்கும் காலத்தில் வேறு எதைத் தள்ளிப்போடுகிறோம்?

எந்தச் செடிக்கும் முன்னால்

அந்த ஐந்தாவது அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மறதி எல்லாமே, டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் ஆகாது. வைட்டமின் பி12 குறைந்தால் மறதி வரும். வருடக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு பிடித்தாலும் மறதி வரும். கீழே விழுந்து தலையில் அடிபட்டு, மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து உறைந்திருந்தாலும் வரும். காது கேட்காதவர் பாதிப் பேச்சைத் தவறவிட்டு, மறந்தவர் போலத் தெரிவதும் உண்டு. இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம், நாள் கடத்தாமல் கண்டுபிடித்தால்.

மாத்திரைகளே மறதியைக் கொண்டுவருவதும் உண்டு. சளிக்குப் போடும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் போடும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கான ஆக்ஸிபியூட்டினின், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில் ஆகியவை மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. ஞாபகத்துக்கு அந்த ரசாயனம்தான் அடிப்படை. நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையும் இதையேதான் செய்கிறது. ஊமத்தை தின்றவர் பிதற்றுவது அதனால்தான். செடி என்பதாலேயே மூளைக்கு நல்லது என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஊமத்தையைப் பற்றித்தான்.

பி12, தைராய்டு, சர்க்கரை, உப்புச் சத்துகள், சிறுநீரகம், தேவைப்பட்டால் தலை ஸ்கேன் என எல்லாவற்றையும் ஓரிரு வாரத்தில் முடித்துவிடலாம். ஆறு மாதம் லேகியம் கொடுத்து ஓய்ந்த பிறகு பி12 பார்த்து, குறைவாக இருப்பது தெரியும்போது மனசு கஷ்டப்படுகிறது. அந்த ஆறு மாதம் திரும்பி வராது.

ஒரே பார்வையில்

| பொருள் | எந்தச் செடி | டிமென்ஷியா வந்தவர்களிடம் சான்று | முக்கியக் கவனம் |
|---|---|---|---|
| கேலன்டமின் | பனித்துளிப் பூ, டாஃபடில் | உண்டு, பலன் மிதமானது | நாடித் துடிப்பு குறைதல், குமட்டல், எடை குறைதல் |
| ரிவாஸ்டிக்மின் | காலபார் அவரையின் நஞ்சை ஒட்டிச் செய்தது | உண்டு, பலன் மிதமானது | தோலில் ஒட்டிய பழைய பேட்ச்சை எடுக்காமல் புதியதை ஒட்டுதல் |
| நீர்ப்பிரமி, வல்லாரை | நம் ஊர் மூலிகைகள் | போதாது | வயிற்றுக் கோளாறு, கல்லீரல், கலப்படம் |
| குர்குமின் | மஞ்சள் | சோதித்தார்கள், பலிக்கவில்லை | கல்லீரல், ரத்தப்போக்கு |
| கின்கோ | கின்கோ மர இலை | தடுக்காது. வந்தபின் பலன் சர்ச்சைக்குரியது | ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரினோடு ரத்தப்போக்கு |
| ஹூபர்சின் | சீனப் பாசிச்செடி | உறுதியில்லை | டாக்டர் மாத்திரையோடு இரட்டிப்பு |
| குங்குமப்பூ | குங்குமப்பூ | சிறு ஆய்வுகள் மட்டும் | விலை, போலி |

கேலன்டமின்: பூவிலிருந்து வந்த மாத்திரை

கருங்கடல் ஓரத்து நாடுகளில் பனி உருகும்போது முளைக்கும் சிறிய வெள்ளைப் பூ ஒன்று உண்டு, அதுதான் பனித்துளிப் பூ. 1950களில் சோவியத் ஆராய்ச்சியாளர்கள் அதன் கிழங்கிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தார்கள். பல்கேரியாவில் இதை மருந்தாக்கி, போலியோ வந்து கால் தளர்ந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். அல்சைமருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001இல்தான். கண்டெடுத்ததற்கும் மாத்திரையாகக் கைக்கு வந்ததற்கும் நடுவில் ஐம்பது வருஷம். அந்த ஐம்பது வருஷத்தில் நடந்த அளவெடுப்பும் சோதனையும்தான் இந்தப் பூவை மற்ற மூலிகைகளிலிருந்து பிரித்து நிறுத்துகிறது.

வேலை செய்யும் விதம் எளிது. அல்சைமரில் அசிட்டைல்கோலினைச் சுரக்கும் செல்கள் மடிந்துகொண்டே வருகின்றன. சுரப்பதைச் சிதைக்கும் நொதி ஒன்றும் மூளையில் உண்டு. கேலன்டமின் அந்த நொதியைத் தடுக்கிறது. வரத்து குறைந்த தொட்டியில் வடிகாலை அடைத்து, இருக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்திவைப்பது போலத்தான் இது. வரத்தை இது கூட்டாது, செல்கள் மடிவதையும் நிறுத்தாது.

ஆகவே எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஆறு மாத ஆய்வுகளில், 70 புள்ளி கொண்ட ஞாபகச் சோதனையில், மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடச் சராசரியாக மூன்று புள்ளி அளவுக்கு நல்ல நிலையில் இருந்தார்கள். வீட்டு மொழியில் சொன்னால், பேரன் பெயர் திரும்பி வராமல் போகலாம், ஆனால் காலையில் தானாக முகம் கழுவிச் சேலை உடுத்துவது இன்னும் சில மாதம் நிலைக்கலாம். பார்த்துக்கொள்கிறவருக்கு அந்தச் சில மாதம் பெரிய விஷயம். எல்லாருக்கும் பலிக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நாளுக்கு 8 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை கூட்டி, 16 அல்லது 24 வரை கொண்டுபோவார்கள். சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். குமட்டல், வாந்தி, பசியின்மை வரலாம். ஏற்கெனவே மெலிந்திருக்கும் ஆச்சிக்கு எடை குறைவது சின்ன விஷயம் இல்லை, மாதம் ஒரு முறை எடை பாருங்கள். நாடித் துடிப்பு குறைந்தவர்கள் தொடங்கும் முன் ஈசிஜி எடுக்க வேண்டும். ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை விட்டுப்போய் மூன்று நாளுக்கு மேல் ஆகிவிட்டால், பழைய அளவிலேயே தொடர வேண்டாம். மருத்துவரைக் கேட்டு மறுபடி குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "இப்போதுதான் லேசா மறதி, டிமென்ஷியா இல்லையாம், முன்கூட்டியே கொடுத்துவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் கேலன்டமினைச் சோதித்த இரண்டு ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. மருந்து எடுத்தவர்கள் பக்கத்தில் இறப்பும் கூடுதலாக இருந்தது. 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுகுறித்து எச்சரித்தது. லேசான மறதிக்கு இது மருந்து இல்லை.

நடைமுறைச் சிக்கல் ஒன்று: இதே வேலையைச் செய்யும் டோனெபெசில் அளவுக்கு கேலன்டமின் எல்லாக் கடையிலும் இருக்காது. டோனெபெசில் செடியிலிருந்து வந்தது இல்லை, முழுக்க ஆய்வகத்தில் உருவானது. பலனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. விலையும் கிடைப்பதும் டோனெபெசில் பக்கம்தான் சாதகம். செடி என்ற ஒரே காரணத்துக்காக கேலன்டமினைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ரிவாஸ்டிக்மின்: ஒட்டும் மருந்து

இன்றைய நைஜீரியாவில் இருக்கும் காலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒருவகை அவரையைத் தின்னக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி என்று விடும் வழக்கம் இருந்தது. அந்த அவரையின் நஞ்சு பைசோஸ்டிக்மின். அதன் அமைப்பை மாற்றி, இஸ்ரேலில் மார்த்தா வைன்ஸ்டாக் குழு உருவாக்கியதே ரிவாஸ்டிக்மின். அமெரிக்காவில் 2000இல் கேப்ஸ்யூலாகவும், 2007இல் தோலில் ஒட்டும் பேட்ச்சாகவும் அனுமதி கிடைத்தது.

அல்சைமரில் இதன் பலன் கேலன்டமின் அளவேதான். பார்கின்சன் நோயோடு சேர்ந்து வரும் டிமென்ஷியாவுக்கும் முறையான அனுமதி பெற்றது என்பது இதன் கூடுதல் பலம். கை நடுக்கமும் மறதியும் சேர்ந்து இருப்பவருக்கு மருத்துவர் பெரும்பாலும் இதைத்தான் யோசிப்பார். மாத்திரை விழுங்க மறுப்பவருக்கும், கேப்ஸ்யூல் எடுத்து வாந்தி வருபவருக்கும் பேட்ச் நல்லது. கேப்ஸ்யூலைவிட பேட்ச்சில் குமட்டல் நன்றாகவே குறைவு.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான். பேட்ச் விலை மாத்திரையைவிடக் கூடுதல், அதோடு நம் ஊர் வெயில். வியர்வையில் ஓரம் பெயர்ந்துவிடும். எண்ணெய் தேய்த்துக் குளித்த முதுகில் ஒட்டவே ஒட்டாது. எண்ணெய்க் குளியல் நாளில் பழையதை எடுத்துவிட்டு, குளித்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, தோல் நன்றாக உலர்ந்தபின் புதியதை ஒட்டுங்கள். ஒரே இடத்தில் 14 நாளுக்குள் மறுபடி ஒட்டக் கூடாது. பழையதை எடுக்க மறந்து அதன் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டுவதுதான் மிக ஆபத்தான தவறு. மருந்து இரட்டிப்பாகி வாந்தி, மயக்கம், நாடித் துடிப்பு குறைதல் என்று போய்விடும். காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் வீட்டில் இது நடக்க நிறைய வாய்ப்பு உண்டு. பேட்ச் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள், ஒட்டும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

வல்லாரையும் நீர்ப்பிரமியும்

இந்த இரண்டையும் பற்றித்தான் நம் ஊரில் அதிகம் கேட்கிறார்கள், நியாயம்தான். குழந்தைக்கு ஞாபகசக்தி வர வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுக்காத வீடு குறைவு. ஆனால் இரண்டும் வேறு வேறு செடிகள். வல்லாரை தரையில் படரும், இலை வட்டமாகக் குதிரைக் குளம்பு மாதிரி இருக்கும். நீர்ப்பிரமி ஈர நிலத்தில் வளரும், சின்னதாய்த் தடித்த இலை, வெளிர் நிறப் பூ. வட இந்தியத் தயாரிப்புகள் சிலவற்றில் பிராமி என்ற பெயரில் வல்லாரையே இருக்கும். வாங்கும்போது பாட்டிலில் தாவரப் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

ஆய்வுகளில் முன்னே நிற்பது நீர்ப்பிரமி. ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு மேற்பட்ட, டிமென்ஷியா இல்லாத 98 பேரிடம் நாளுக்கு 300 மில்லிகிராம் சாறை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சொற்களைக் கற்று நினைவில் வைப்பது கூடியது, வயிற்றுப்போக்கும் குமட்டலும் கூட வந்தன. 2010இல் வெளிவந்த அந்த ஆய்வு நல்ல ஆய்வுதான், ஆனால் அதில் இருந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள். டிமென்ஷியா வந்தவருக்கு இது மருந்தாகும் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய, திடமான ஆய்வு இல்லை. வல்லாரைக்கு அந்த அளவும் இல்லை. மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு ஞாபகத்தில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை.

அப்புறம், எந்த வடிவத்தில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். லேகியம் என்றால் வெல்லமோ சர்க்கரையோ இருக்கும், சர்க்கரை நோயாளி தினம் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டால் சுகர் ஏறும். நெய் என்றால் கொலஸ்ட்ரால் பார்த்துக்கொள்ள வேண்டும். வல்லாரை நிற்கிற தண்ணீரின் அசுத்தத்தையெல்லாம் உறிஞ்சும் செடி. சாக்கடை ஓரத்தில் பறித்ததா, தோட்டத்தில் வளர்த்ததா என்று தெரியாமல் கீரைக்காரரிடம் வாங்காதீர்கள். வல்லாரை மாத்திரைகளை வாரக்கணக்கில் எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. பெயர் தெரியாத பொடி, பஸ்பம் கலந்த மருந்து ஆகியவற்றை இன்னும் கவனமாகப் பாருங்கள். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 மூலிகை மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் மூளையையும் கெடுக்கும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் வல்லாரைத் துவையல், கீரைக் கூட்டு என்று சாப்பாட்டில் சேர்ப்பதில் எந்தத் தடையும் இல்லை. ஆச்சிக்குப் பிடித்த ருசி என்றால் ஒரு வாய் சாதம் கூட இறங்கும். மருந்தாகவே கொடுக்க விரும்பினால், அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரைப் பார்த்து, ஓடும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். அந்த மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்பதுதான். அதைக் கேட்காதவரிடம் வாங்காதீர்கள்.

மஞ்சள்

நம் அடுப்பங்கரையில் மஞ்சள் போடாத குழம்பு அரிது, மிளகு இல்லாத சமையலும் அரிது. ஆகவே "மஞ்சள்தான் இந்தியர்களை அல்சைமரிலிருந்து காப்பாற்றுகிறது" என்று படிக்கும்போது நமக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இந்தக் கதைக்கு வேர் ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வு. அங்கே அல்சைமர் குறைவாகத் தெரிந்தது உண்மை. ஆனால் அந்த மக்கள் எவ்வளவு மஞ்சள் சாப்பிட்டார்கள் என்று அதில் அளக்கவில்லை. மேலே சொன்ன 88 லட்சம் பேரும் மஞ்சள் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான்.

மஞ்சளில் மருந்தாகப் பேசப்படும் பொருள் குர்குமின், மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதம். அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 1 முதல் 4 கிராம் குர்குமின். 2 கிராம் குர்குமினுக்கே 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும், யாராலும் முடியாது. கேப்ஸ்யூலாகக் கொடுத்துப் பார்த்தும் 2008இல் ஹாங்காங்கில் ஆறு மாதமும், 2012இல் அமெரிக்காவில் 24 வாரமும் நடந்த சோதனைகளில் பலன் இல்லை. இரண்டிலும் 40 பேருக்குக் குறைவு, அதனால் கதவை முழுக்க மூடிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2018இல் அமெரிக்காவில், டிமென்ஷியா இல்லாத 40 பேரிடம், எளிதில் உடம்பில் ஏறும்படி தயாரித்த குர்குமினை 18 மாதம் கொடுத்தபோது ஞாபகம் கொஞ்சம் கூடியது. அது இன்னும் பெரிய ஆய்வில் உறுதியாக வேண்டும்.

குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது என்பதுதான் சிக்கல். மிளகில் இருக்கும் பைபரின் அதைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 1998இலேயே பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் காட்டினார்கள். அதனால் விற்பனையில் இருக்கும் கேப்ஸ்யூல்களில் பைபரினும் சேர்கிறது. இதில்தான் எச்சரிக்கை வேண்டும். பைபரின் குர்குமினை மட்டும் ஏற்றாது, வலிப்புக்கான ஃபெனிடோயின், பிரஷருக்கான ப்ரொப்ரனோலால் போன்றவற்றின் அளவையும் ரத்தத்தில் ஏற்றும். இப்படி வீரியம் கூட்டிய மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கும் பித்தப்பையில் கல் உள்ளவருக்கும் இது வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளுக்கும் ரசத்தில் போடும் மிளகுக்கும் இந்தப் பயம் தேவையில்லை.

மஞ்சளின் நிறத்தைக் கூட்ட லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் கலப்பதும் நடக்கிறது. குண்டு மஞ்சளோ விரலி மஞ்சளோ வாங்கி, காயவைத்து, மில்லில் அரைத்துக்கொள்ளும் நம் பழைய வழக்கம் இதற்கு நல்ல காப்பு. கிழங்கையும் உடைத்துப் பாருங்கள், வெளிப்புறம் மட்டும் பளிச்சென்று இருந்தால் வாங்காதீர்கள்.

கின்கோ

வெளிநாட்டிலிருந்து வரும் பைகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். இது எப்படிப்பட்ட அக்கறையோடு வருகிறது என்று தெரியும். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குச் செய்ய முடிந்தது அது. ஆனாலும் ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3069 பேரிடம் ஏறக்குறைய ஆறு வருடம், நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது: கின்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 246 பேருக்கும் டிமென்ஷியா வந்தது. அதாவது தடுக்கவில்லை. பிரான்ஸில் 2800க்கும் அதிகமானவர்களிடம் ஐந்து வருடம் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்விலும் அதே முடிவு.

டிமென்ஷியா வந்தபின் கொடுப்பதில் நிலைமை கொஞ்சம் வேறு. தரப்படுத்திய ஒரு குறிப்பிட்ட இலைச் சாறை, நாளுக்கு 240 மில்லிகிராம் அளவில், ஜெர்மனியில் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். சிறு பலன் காட்டிய ஆய்வுகளும் உண்டு, காட்டாதவையும் உண்டு. கடை அலமாரியில் வாங்கும் பாட்டிலில் அதே சாறு அதே அளவில் இருக்கும் என்று நம்ப வழியில்லை.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தப்போக்கு பயம் உண்டு. பல் பிடுங்கவோ கண் ஆபரேஷனுக்கோ போகும் முன் பாட்டிலை மருத்துவரிடம் காட்டுங்கள். இதய ஸ்டென்ட் வைத்தவருக்கு என்றால் அனுப்பாமல் இருப்பதே மேல்.

ஹூபர்சின், குங்குமப்பூ

ஹூபர்சின் சீனாவின் ஒரு பாசிச்செடியிலிருந்து வருகிறது, அங்கே மருந்தாகவும் அமெரிக்காவில் சத்து மாத்திரையாகவும் விற்கிறது. 2011இல் அமெரிக்காவில் 210 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் முதன்மை அளவில் பலன் தெரியவில்லை. டோனெபெசில், கேலன்டமின் செய்யும் அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. 'மூளைக்கு' என்று போட்ட கூட்டு மாத்திரைகளில் இது சத்தமில்லாமல் இருக்கும். சீட்டு மாத்திரையோடு சேர்ந்தால் இரட்டை வேலை நடந்து நாடித் துடிப்பு இறங்கிவிடும். பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிடுங்கள்.

குங்குமப்பூ கதை சுவாரசியமானது. தெஹ்ரானில் 2010ஐ ஒட்டி நடந்த இரண்டு ஆய்வுகளில், நாளுக்கு 30 மில்லிகிராம் கொடுத்தபோது ஒன்றில் வெற்று மாத்திரையைவிட நல்ல பலன், மற்றொன்றில் டோனெபெசிலுக்கு நிகரான பலன். ஆனால் 46 பேர், 54 பேர்தான். இதை நம்பிச் சீட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. நல்ல குங்குமப்பூவின் விலை நமக்குத் தெரியும், போலியின் பெருக்கமும் தெரியும். ராத்திரிப் பாலில் இரண்டு இழை போடுவது வேறு, அது மருந்து இல்லை.

உங்கள் வீட்டுக்கு எது

லேசான மறதிதான், பரிசோதனையில் டிமென்ஷியா இல்லை என்றால் மாத்திரையும் வேண்டாம், கேப்ஸ்யூலும் வேண்டாம். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால், காது, கண் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தை மாற்றக்கூடிய காரணங்களோடு இணைத்தது, காது கேளாமையும் அதில் முக்கியமானது. கின்கோவுக்குச் செலவழிக்கும் பணத்தைச் சேர்த்துக் காது மெஷினுக்குக் கொடுங்கள்.

அல்சைமர் என்று உறுதியாகி, ஆரம்ப அல்லது நடுக்கட்டத்தில் இருந்தால் டோனெபெசில், கேலன்டமின், ரிவாஸ்டிக்மின் மூன்றில் ஒன்று. எது என்பதை நாடித் துடிப்பும் வயிறும் பணமும் தீர்மானிக்கட்டும். பார்கின்சனோடு சேர்ந்த மறதி என்றால் ரிவாஸ்டிக்மின். பக்கவாதங்களால் வந்த மறதி என்றால் பிரஷரும் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும்தான் முதல் மருந்து. குணம், பேச்சு, நடத்தை முதலில் மாறிய வகையாக இருந்தால், அதாவது மூளையின் முன்பகுதி சுருங்கும் வகையில், இந்த மாத்திரைகள் உதவாது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டும்.

மறதி முற்றி, படுக்கையில் இருப்பவருக்குப் புதிதாக எந்தச் செடியையும் தொடங்க வேண்டாம். அந்தப் பணம் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் போகட்டும். இதில் நம் ஊர் வீட்டின் அமைப்பையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாடு மறதி வந்தவர் கண்ணுக்குக் குழியாகவும் கிடக்கும் பொருளாகவும் தெரியலாம். அதைத் தாண்டக் காலைத் தூக்கி வைத்து விழுந்துவிடுவார். நடக்கும் வழியில் ஒரே நிறத்தில், ஓரம் சுருளாத பாய் அல்லது ரப்பர் விரிப்பு போட்டால் போதும். முற்றத்துப் படிக்கட்டில் ஒரு கைப்பிடி வைத்து, பின்கட்டுக் கிணற்றுக்கு மூடி போட்டு, வாசல் கதவில் மணி ஒன்றைக் கட்டுங்கள். பீரோ சாவியைத் தேடித் தேடி அலைபவருக்குப் பழைய சாவிக்கொத்து ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கும். எந்தக் கேப்ஸ்யூலைவிடவும் இவை நிச்சயமான பலன் தருபவை, செலவும் ஒரு முறைதான். பேசித் தெளிய ஆள் வேண்டும் என்றால், மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணமில்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்: சீட்டு மாத்திரை, சூரணம், லேகியம், சிங்கப்பூர் பாட்டில், இருமல் சிரப் வரைக்கும். மருந்து தொடங்கினால் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் எடை, நாடி, சாப்பாடு எப்படி என்று பார்க்க. ஆறு மாதத்தில், குளிப்பது, உடுத்துவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ராத்திரித் தூக்கம் இவற்றில் ஏதாவது நிலைத்திருக்கிறதா என்று பார்க்க. நிலைக்கவில்லை, வாந்தியும் மெலிவும்தான் மிச்சம் என்றால் நிறுத்துவது பற்றி நீங்களே மருத்துவரிடம் பேச்சை எடுங்கள். திடீரென்று நிறுத்தாமல் மெல்லக் குறைத்து நிறுத்தச் சொல்வார்.